சித்திரப் பாடவேளையைக் கேட்காதீர்கள்

அன்பான பெற்றோரே,

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர்களாகிய எங்களிடம் ஒரு கோரிக்கை வரும்: "சித்திரம், நாடகமெல்லாம் எதற்கு? அந்த நேரத்திலும் கணிதம் செய்யுங்களேன்."

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தைப் பாருங்கள். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, யுத்தத்தால் மீண்டும் லண்டனுக்கே அகதியாகப் போனவர். தாய் தையல் வேலை செய்து வளர்த்தார்.

அவர் கல்லூரியில் படித்தது சங்கீதமல்ல, சித்திரமும் சினிமாவும்தான். ஓர் இசைக்குழுவின் அல்பத்துக்கு அட்டைப்படம் செய்யப் போனார். அந்தப் பழக்கத்தில் ஒரு சிறிய இசைக்கருவி கைக்கு வந்தது. அதை வைத்துத் தானே பாட்டுக் கட்டினார். முதல் பாடல் வெறும் 500 இசைத்தட்டுகளாகத்தான் வெளிவந்தது. 2005இல் முதல் அல்பம், தந்தையின் பெயரில். 2007இல் அடுத்தது, தாயின் பெயரில். 2009இல் ஏ.ஆர். ரஹ்மானுடன் சேர்ந்து செய்த பாடலுக்கு ஒஸ்கார் பரிந்துரை.

அவரது இசையையோ அரசியலையோ எல்லோரும் ஏற்கவேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பாடகர்களாக வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. மொழி தெரியாமல் போய் இறங்கிய ஒரு பிள்ளைக்குச் சித்திரம்தான் முதல் கதவைத் திறந்தது என்கிறோம்.

கணிதம் கட்டாயம் தேவை. பின்னேர வகுப்பு வையுங்கள், நாங்கள் வருகிறோம். ஆனால் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் கடைசி வாங்கில் பேசாமல் இருக்கும் பிள்ளை தலைநிமிர்வது அந்த ஒரு பாடவேளையில்தான். அதை மட்டும் விட்டுவையுங்கள்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.