ஆடிக்கு முன்னாடி சைக்கிள்... அது மட்டும் போதுமா?

ஆடிப் பதினெட்டு நெருங்கினால் சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களில் கொல்லிமலைப் பேச்சு கிளம்பிவிடும். வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் தரிசனம், ஆகாய கங்கையில் ஒரு குளியல்! உடனே, அதுவரை துண்டு காயப்போட மட்டுமே பயன்பட்ட எக்சர்சைஸ் சைக்கிளுக்கு மவுசு வந்துவிடும். 'தினம் அரை மணி மிதிச்சா படியெல்லாம் ஏறிடலாம்' என்று அப்பாவும் அம்மாவும் மாறி மாறி மிதிப்பார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால், ஒன்றை யோசித்தீர்களா? 70 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸே ஏறிவிடுகிறது. அருவிக்குப் போக நீங்கள் முதலில் செய்யப்போவது இறங்குவது! ஆயிரத்துக்கு மேல் படிகள். குளித்துவிட்டு அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும்.

ஏறுவதற்குச் சைக்கிள் கைகொடுக்கும். மூச்சு வாங்குவது குறையும், தொடை பலப்படும், முட்டியில் முழு எடையும் விழாது. இறங்கும்போது கதையே வேறு. தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கணும்; அதாவது, பிரேக் போடுகிற வேலை. பெடல் மிதிப்பதில் அந்த வேலை அநேகமாகக் கிடையாது. அதனால்தான் பாதி வழியிலேயே கால் வெடவெடக்கிறது. ஈரப் படியில் அப்படி நடுங்கினால் என்ன ஆகும்? (குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்களுக்கும் இதே பாடுதான். அவர்கள் தொடையும் வழி முழுக்க பிரேக் போட்டாகணும்!)

ஆகவே, ஆறு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். வாரம் ஐந்து நாள், அரை மணி சைக்கிள். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். சீட்டை ரொம்பத் தாழ்வாக வைத்து மிதித்துவிட்டு 'முட்டி வலிக்குது' என்பவர்கள் நிறையப் பேர். பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கணும்.

கூடவே, ஒருநாள் விட்டு ஒருநாள் மாடிப்படியை மெதுவாக இறங்கிப் பழகுங்கள். கைப்பிடியைப் பிடித்தபடி, ஒரு படிக்கு மூணு எண்ணி இறங்குங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் மெள்ள உட்கார்ந்து எழுந்திருப்பதும் இதே பலன் தரும். முதல் ஓரிரு நாள் தொடை வலிக்கும், பயப்படாதீர்கள். சர்க்கரை, பி.பி. இருப்பவர்களும் நடந்தாலே நெஞ்சு அடைப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

முட்டி தேய்ந்த பாட்டியை, 'இவ்வளவு தூரம் வந்துட்டு குளிக்காமப் போறதா?' என்று இழுத்துப் போகிறீர்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். கோயில் மேலேயேதான் இருக்கிறது. ஒருத்தர் துணைக்கு இருங்கள்.