பத்தியமா, பட்டினியா?

ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் நம்மவர் கையில் மூன்று ஐட்டம் கட்டாயம் இருக்கும்: ஆப்பிள், பிரெட், ஒரு சத்து டின். நாலாவதாக இலவச அட்வைஸ். "முட்டை குடுத்துராதீங்க, சீழ் பிடிச்சுக்கும். பருப்பு ஆகவே ஆகாது!"

குடல் ஆபரேஷன் செய்துகொண்டவர் பாடு இன்னும் மோசம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு, அங்கிருந்து வாழவந்தி. வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினால், கஞ்சியும் ரசம் சாதமும் காத்திருக்கும்.

சீழுக்குக் காரணம் கிருமி. பாவம், முட்டைக்காக வாதாட ஒரு வக்கீல்கூட இல்லை.

வெட்டித் தைத்த இடத்தை ஒட்டவைக்கிற சிமெண்ட், கொலாஜன் என்கிற புரோட்டீன். அதைத் தயாரிக்க சாப்பாட்டிலிருந்து புரோட்டீன் வேண்டும், வைட்டமின் சி வேண்டும், கொஞ்சம் துத்தநாகமும் வேண்டும். தோலில் போட்ட தையல் மூன்று வாரமாகியும் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறியிருக்கும். உள்ளே கொத்தனார் மும்முரமாக இருக்கிற அதே நாட்களில்தான் நாம் சிமெண்ட் சப்ளையை நிறுத்துகிறோம்!

கணக்குப் பார்ப்போம் (பி.காம். படித்தவன் வேறென்ன செய்வான்?). ஆபரேஷனுக்குப் பின் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரோட்டீன் என்பது பொதுவான சிபாரிசு. 60 கிலோ ஆசாமிக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தட்டு ரசம் சாதத்தில் ஐந்தாறு கிராம் தேறினால் அதிகம். பட்ஜெட்டில் பயங்கரப் பற்றாக்குறை.

அப்போ மாத்திரையாக அள்ளிப் போட்டால்? 1939-ல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் சர்ஜன், வைட்டமின் சி இல்லாத சாப்பாட்டில் ஆறு மாதம் இருந்தார். மூன்றாம் மாதம் தன் முதுகில் வெட்டிக்கொண்ட காயம் ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் வெட்டியது மேலே மட்டும் மூடி, உள்ளே ஆறவே இல்லை. வைட்டமின் சி ஊசி போட்ட பிறகுதான் ஆறியது. கையிருப்பு தீர்ந்தவருக்கு அது மருந்து. நிறைய இருப்பவர் மேலும் விழுங்கினால் மருந்துக் கடைக்காரருக்கு லாபம். ஏற்காட்டு ஆரஞ்சும் நெல்லிக்காய்ச் சாறும் அதே வேலையைச் சல்லிசாகச் செய்யும்.

டின்னே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே இளைத்துப்போனவர், சாப்பாடு இறங்காதவர் - இவர்களுக்கு டாக்டரே புரோட்டீன் பவுடர் எழுதுவார். வாங்கும்போது டப்பாவின் முன்பக்கம் சிரிக்கிற குடும்பத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் 100 கிராமில் புரோட்டீன் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். கிட்னிக் கோளாறு, சுகர் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு எல்லோரும் கேட்பது, "என்னென்ன சாப்பிடக் கூடாது டாக்டர்?" நீங்கள் மாற்றிக் கேளுங்கள்: "முட்டை, பருப்பு, பால் எப்போ ஆரம்பிக்கலாம்? எவ்வளவு?" பதிலைச் சீட்டில் எழுதி வாங்கி வீட்டுப் பெரியம்மாவிடம் காட்டுங்கள்.

டாக்டர் கையெழுத்தாச்சே... எதற்கும் பெரியம்மாவையே கையோடு கூட்டிப் போய்விடுங்கள்!