இட்லியோடு ஆட்டுக்கல்

தினமும் காலை ஆறு மணிக்கு வெளியே ஒரு சர்வரிடம் டாலர் ரேட்டைக் கேட்டு, எங்கள் டேட்டாபேஸில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. 'கோ' மொழியில் இருநூறு வரி எழுதி, டாக்கர் இமேஜாகக் கட்டினேன். எடை 900 எம்.பி. சொச்சம்! இருநூறு வரிக்கு!

டாக்கர் 2013-ல் வந்த சமாசாரம். ப்ரோகிராமையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், பிரித்த இடத்தில் ஓடும். மூட்டைக்குப் பெயர் இமேஜ். என் மூட்டையில் கம்பைலர், லைப்ரரி, சோர்ஸ் கோடு எல்லாம் சம்மணமிட்டிருந்தன. இட்லிப் பொட்டலத்தோடு ஆட்டுக்கல்லையும் ரயிலேற்றின கதை. புது மெஷின் ஒவ்வொன்றும் அதை இறக்கி முடிப்பதற்குள் மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.

"என்னய்யா, உள்ளே சினிமாவா வெச்சிருக்கே?"

ரோஷத்தில், கடைசியில் ஒரு வரி சேர்த்துக் கம்பைலரை அழித்தேன். எடை இம்மி குறையவில்லை. இமேஜ் என்பது அடுக்கடுக்கான லேயர்கள். மேலே அழித்தால் கீழே இருப்பது மறையுமே தவிர, போகாது. சுண்ணாம்பு அடித்த சுவருக்குள் பழைய 'ஐ லவ் யூ' மாதிரி. (பாஸ்வேர்டை இப்படி 'அழித்துவிட்டு' நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உடனே எழுந்திருக்கவும்.)

வழி, 2017-ல் வந்த மல்டி ஸ்டேஜ் பில்டு. ஒரு இமேஜில் கம்பைல் செய்து, முடிந்த ஃபைலை மட்டும் வேறொன்றுக்கு மாற்றுவது. அந்த வேறொன்றாக 'ஸ்க்ராட்ச்'சை எடுத்தேன். அதில் நிஜமாகவே ஒன்றும் கிடையாது. எடை 9 எம்.பி! மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தோளில் தட்டினார்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு போன். "ரேட் வரலையேப்பா!"

உள்ளே போய்ப் பார்க்கலாமென்றால் ஷெல்லே இல்லை. நான்தானே தூக்கி எறிந்தேன்! லாகைப் புரட்டினால், 'இந்த சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டவர் யாரென்றே தெரியாது' என்கிற ரீதியில் ஒரு புலம்பல். ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸில் எதிராளியின் சர்டிபிகேட்டைச் சரிபார்க்க நம்பகமானவர்கள் பட்டியல் ஒன்று வேண்டும். ஒரு எம்.பி. கூடத் தேறாத அந்த ஃபைல் ஸ்க்ராட்சில் கிடையாது. டெஸ்ட்டில் டம்மி சர்வர், சாதா ஹெச்.டி.டி.பி. அதனால் மாட்டவில்லை.

ஸ்க்ராட்சை விட்டு ஆல்பைனுக்கு மாறினேன். சிக்கனமான லினக்ஸ், குட்டியாக ஒரு ஷெல்லும் உண்டு. பட்டியலும் ஏறியது, ரேட்டும் வந்தது.

"இப்ப எவ்வளவு?" என்றார் மேனேஜர்.

"பதினேழு எம்.பி., சார்."

"நேத்து ஒன்பதுன்னியே?"

"பாக்கி எட்டு, நீங்க காலைல போன் பண்ணாம இருக்க சார்."