மலை யாருக்கு? சைக்கிளுக்கு வழி உண்டா?

சைக்கிளில் மலையில் இறங்கியிருக்கிறீர்களா? தார் ரோட்டில் இல்லை. கல்லும், வேரும், சரளை மண்ணும் கிடக்கிற ஒற்றையடிப் பாதையில்!

இதற்கென்றே மவுன்டன் பைக் என்ற சைக்கிள் இருக்கிறது. டயர் தடிமனாக, முள் முள்ளாக இருக்கும். முன்பக்கம் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் இருக்கும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் பொன்முடியில், 2023 அக்டோபரில் ஆசிய மவுன்டன் பைக் போட்டியே நடந்தது. போட்டிக்கென்றே அங்கே தனிப்பாதை அமைத்தார்கள்.

"மதுரையைச் சுற்றிலும் யானைமலை, நாகமலை, சமணர் மலை, அழகர்மலை, அரிட்டாபட்டி என்று இத்தனை மலைகள் இருக்கின்றனவே! இங்கேயும் ஓட்டலாமே?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்விதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் வேண்டும். மலை யாருடையது?

ஊர் காத்த மலை

மேலூர் பக்கம் உள்ள அரிட்டாபட்டியைப் பாருங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்' என்று அறிவிக்கப்பட்டது. அங்கே ஏழு குன்றுகள் இருக்கின்றன. சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பு எல்லாம் உண்டு. பாறைகளில் சமணர் படுக்கைகளும், 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன.

2024 நவம்பரில், இந்தத் தலத்தையும் சேர்த்து சுமார் 2 ஆயிரம் ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க மத்திய அரசு நடத்திய ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. சுற்றுவட்டார மக்கள் கொதித்தெழுந்தார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ல் சட்டசபையும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ல் மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23ல் ஏலம் ரத்தானது!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மலை வெறும் கல் இல்லை. மழை பெய்தால் மலையிலிருந்து வழியும் நீர்தான் கண்மாயில் சேர்கிறது. கண்மாய் நிறைந்தால்தான் வயல் விளையும். ஆகவே மலையைப் பற்றிப் பேச அடிவாரத்து மக்களுக்கே முதல் உரிமை.

சைக்கிள் என்ன செய்யும்?

"சுரங்கம் மலையையே தோண்டிவிடும். சைக்கிள் அப்படியா?" என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல, நிச்சயமாக. ஒரு சைக்கிள் போனால் ஒன்றும் ஆகாது. ஆனால், மழை பெய்த மறுநாள் நூறு சைக்கிள்கள் பிரேக் பிடித்துச் சறுக்கினால்? மண்ணில் பள்ளக் கோடு விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே ஓடி, அதை ஓடையாக்கிவிடும். பாறை மேல் இருக்கும் கொஞ்ச மண்ணும் அரித்துப்போய்க் கண்மாயில் படியும்.

மவுன்டன் பைக் வளர்ந்த இடம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள டமால்பையஸ் மலை. (பெயர் தமிழ் போல ஒலித்தாலும் நமக்குச் சம்பந்தமில்லை!) 1970களில் அங்கே இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலையிறங்கிப் பந்தயம் விட்டார்கள். நடந்து போகிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் பயந்து புகார் செய்தார்கள். பல குறுகிய பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. 1988ல் சைக்கிள் சங்கங்கள் ஒன்று சேர்ந்தன. நடப்பவருக்கு வழிவிடுவது, ஈர மண்ணில் ஓட்டாமல் இருப்பது, பாதையைத் தாங்களே பழுதுபார்ப்பது என்று விதிகள் வகுத்துக்கொண்டன. சண்டை போட்டுக் கிடைக்காத வழி, பொறுப்போடு நடந்ததால் பல இடங்களில் கிடைத்தது.

எங்கே ஓட்டலாம்?

கல்வெட்டும் சிற்பமும் உள்ள பாறைகளில் கூடவே கூடாது. சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைய தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அடிவாரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

அழகர்மலை காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது.

கைவிடப்பட்ட கல்குவாரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். பள்ளமும் ஆழமான தண்ணீரும் உயிரைக் குடித்துவிடும்.

ஊர் வண்டிப்பாதையில், பெரியவர்களோடு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டலாம். ஆடு மாடு வந்தால் இறங்கி நில்லுங்கள். கருவேல முள் காத்திருக்கும், பஞ்சர் சாமான்கள் மறக்காதீர்கள்! பிளஸ் 1 அண்ணன், அக்காவுக்கு அரசு தந்த சைக்கிளைச் சரிவில் இறக்காதீர்கள். அது ரோட்டுக்கானது.

பந்தயம் வேண்டுமென்றால், பொன்முடி போல தனிப்பாதை கேட்பதுதான் முறை. கல்வெட்டும் காடும் இல்லாத மேட்டு நிலத்தில், ஊர்க்காரர்களின் சம்மதத்தோடு அமைத்தால் மதுரையிலிருந்தும் வீரர்கள் வருவார்கள். அந்த வீரர் நீங்களாகவும் இருக்கலாம்!

சுரங்கத்திடமிருந்து ஊரே சேர்ந்து காப்பாற்றிய மலை அது. நம் டயரும் அதைக் காயப்படுத்தக் கூடாது, சரிதானே?