பிரேக் மாற்றிய மறுநாளே விபத்து: ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போட முடியுமா?

இப்படி ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காருக்கு பிரேக் பேட் மாற்றுகிறார் ஒருவர். மறுநாள் காலை கீரனூர் வழியாகத் திருச்சிக்கு வேலைக்குப் போகும்போது பிரேக் பெடல் தரைவரை இறங்குகிறது, கார் நிற்கவில்லை. முன்னால் போன பைக்கில் மோதி, சாலையோரப் பள்ளத்தில் இறங்குகிறது. பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு.

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிரேன் வரும், கார் அதே ஒர்க்‌ஷாப்புக்கே போகும். “விடுங்கண்ணே, காசே வேணாம், நானே சரி பண்ணித் தர்றேன்” என்பார் மெக்கானிக். கழற்றிய பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அதோடு வழக்கும் பாதி முடிந்த மாதிரிதான்.

ஏனென்றால், இந்த மாதிரி வழக்குகளில் சட்டம் இல்லை என்பது பிரச்சினையே இல்லை. பழுதுக்குக் காரணம் அந்த வேலைதான் என்று காட்ட ஆதாரம் இல்லாமல் போவதுதான் பிரச்சினை. விபத்தில் சிக்கிய வாகனத்தை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து, இயந்திரக் கோளாறு காரணமா என்று போலீஸுக்கு அறிக்கை தருவார். அந்த ஆய்வும் காப்பீட்டு சர்வேயரின் ஆய்வும் முடியும்வரை காரில் யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. பிரேக்கில் சந்தேகம் இருப்பதை ஆய்வாளரிடம் எழுத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. “கோளாறு எதுவும் இல்லை” என்று ஒற்றை வரியில் அறிக்கை வந்துவிட்டால், பிறகு அதை உடைப்பது ரொம்பக் கஷ்டம். ஒரு குடும்பத்தின் இழப்பீடே தொங்கும் அறிக்கை ஒற்றை வரியில் முடிவது சரியல்ல. எந்தப் பாகத்தை எப்படிச் சோதித்தார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சரி, பில் இல்லையே? நம்மூரில் பாதி வேலை வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. கவலை வேண்டாம். யுபிஐ-யில் பணம் போட்ட பதிவு, “வண்டி ரெடி” என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, ஸ்பேர் பார்ட்ஸ் கடை ரசீது எல்லாமே உதவும்.

கார் உரிமையாளருக்கு முக்கிய வழி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. எந்த ஆணையத்துக்குப் போவது, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்தே முடிவாகிறது. 6,000 ரூபாய் பிரேக் வேலைக்காக 10 லட்சம் இழப்பீடு கேட்டாலும் புகார் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இந்த ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் உறுதி செய்தது. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வேலை செய்தது சென்னை சர்வீஸ் சென்டராக இருந்தாலும், வசிப்பது புதுக்கோட்டை என்றால் இங்கேயே புகார் தரலாம். கெடு 2 ஆண்டுகள். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முதலில் முறையிடலாம்.

ஒரு நுணுக்கம். பொருளைச் சர்வீஸ் செய்தவரின் தவறால் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் அவரே பொறுப்பு என்கிறது இச்சட்டத்தின் 85-வது பிரிவு. ஆனால் அந்தக் கணக்கில் காருக்கு ஏற்பட்ட சேதம் வராது. அதை ‘சேவைக் குறைபாடு’ என்றுதான் கேட்க வேண்டும். புகாரில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

கால் முறிந்த பைக்காரர் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கார் உரிமையாளர் மீதும் காப்பீட்டு நிறுவனம் மீதும் மனு போடலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் என்பது கெடு. அது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது என்றாலும், அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். “பிரேக் ஃபெயிலியர், என் தப்பில்லை” என்று உரிமையாளர் சொல்லி நழுவுவதும் எளிதல்ல. கண்டுபிடிக்க முடியாத கோளாறு, உரிய கவனமும் எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் என 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிப்பேருக்கு விட்ட கார், ஒர்க்‌ஷாப் ஆட்கள் கையில் இருக்கும்போது யாரையாவது இடித்தால்கூட, பாதிக்கப்பட்டவருக்கு உரிமையாளரின் காப்பீட்டு நிறுவனமே பணம் தர வேண்டும் என்பது 1988 தீர்ப்பு.

போலீஸ் வழக்கு பொதுவாக ஓட்டியவர் மீதுதான் முதலில் பாயும். ஆனால் அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்படுத்துவதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு டிரைவருக்கு மட்டுமானதல்ல. மெக்கானிக்கின் அலட்சியம் நிரூபணமானால் அவரும் அதில் வரலாம். எனவே முதல் நாள் வாக்குமூலத்திலேயே எந்தத் தேதியில், எங்கே, என்ன வேலை பார்த்தார்கள் என்பது பதிவாக வேண்டும். பெடல் சரியில்லை என்று தெரிந்தே ஓட்டியிருந்தால் கதை வேறு. கோளாறு தெரிந்தும் வாகனத்தை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டியவர் செய்த குற்றம். ஒர்க்‌ஷாப் தரப்பு முதலில் பிடிப்பதும் அதைத்தான்.