டிரம்ஸ் பயிற்சியில் விரைவும் நிலையும்

நம் கல்லூரி இசையறையில் உள்ள டிரம்ஸ் தொகுதி ஒன்றே. அதன்முன் அமர விரும்பும் மாணவரோ பலர். ஒருவர்க்கு ஒருநாளிற் கிடைப்பது அரைமணி நேரம். தேர்வுக் காலத்தில் அதுவும் இல்லை. அவ்வரைமணி எவ்வாறு செலவாகின்றது என்பதை, அடுத்த தாழ்வாரத்தில் அமர்ந்து யாப்பருங்கலக்காரிகை படிக்கும் என்போன்றார் நன்கு அறிவர். விரைவு, மேலும் விரைவு, இறுதியிற் சிம்பலின்மேல் ஓர் இடிமுழக்கம்! பின்னர் அடுத்த மாணவர் வருவார். அவரும் அதனையே செய்வார். இதனைப் பயிற்சி எனக் கூற என் மனம் ஒருப்படவில்லை. டிரம்ஸ் வாசிப்பார்க்கு முதற்கண் வேண்டுவது நிலைபேறு. விரைவு அதன் பின்னர் வருவது. யானும் குச்சி பிடித்துப் பயில்பவனாதலின், புறத்தே நின்று குறைகூறுவான் சொல்லென நண்பர்கள் இதனைத் தள்ளிவிடற்க.

இக்கருவியின் வரலாற்றை நோக்கினாலே இவ்வுண்மை புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாத்தியக் குழுக்களில், பெரும்பறையாகிய பாஸ் டிரம்மை ஒருவரும், சிறுபறையாகிய ஸ்நேர் டிரம்மை ஒருவரும், சிம்பலை வேறொருவரும் முழக்கினர். அமெரிக்க நாட்டு நாடகக் கொட்டகைகளில் இடமும் பொருளும் சுருங்கவே, மூவர் வேலை ஒருவர் தலைமேல் விழுந்தது. 1909-ஆம் ஆண்டில் வில்லியம் லுட்விக் என்பார் விரைந்து மீளும் மிதிகட்டை ஒன்றை அமைத்தார். பெரும்பறை வலக்காலுக்கு உரியதாயிற்று. அதன்பின் 1920-களில் ஹை-ஹாட் என்னும் இணைச்சிம்பல் தோன்றி இடக்காலையும் பணிகொண்டது. ஆகவே தொகுதியின்முன் அமர்ந்திருப்பவர் ஒருவரே ஆயினும் அவருள் நால்வர் உளர். அந்நால்வரும் ஒருவர் வேலையை ஒருவர் கெடுக்காது நடப்பதே இக்கலையின் அருமை.

இனி, ரூடிமென்ட் எனப்படும் மூல அடிகளைப் பற்றிக் கூறுவேன். இவை மேடைக்கெனப் பிறந்தவையல்ல. காலாட்படையை நடத்தற்கும், பாசறையில் விழித்தலும் உணவும் உறக்கமும் அறிவித்தற்கும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறுபறை முழக்கியோர் வழிவழியாகக் காத்த கைத்திறன்கள் இவை. 1933-இல் சிகாகோ நகரில் ஒரு சங்கம் கூடி, 13 அடிகளை இன்றியமையாதவை எனத் தேர்ந்து, பின்னர் மேலும் 13 சேர்த்து 26 ஆக்கிற்று. 1984-இல் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி என்னும் கழகம் அத்தொகையை 40 ஆக விரித்தது. ஃப்ளாம், பாரடிடில், ரட்டமக்யூ என்னும் இவற்றின் பெயர்களுக்கு அகராதியிற் பொருள் தேடுவார் ஏமாறுவர். எழும் ஓசையே பெயராயிற்று. மிருதங்கம் பயில்வார் தகதிமி எனவும் தகிட எனவும் முதலில் வாயாற் சொல்லிப் பின்னரே தோலிற் கைவைத்தலை அறிந்த நமக்கு இது புதுமையன்று. யாப்புப் பயில்வார்க்கோ இன்னும் நெருங்கிய உறவுண்டு. நேரும் நிரையுமாகிய இரண்டசைகளினின்றே சீர்கள் எல்லாம் விரிதல்போல, ஒற்றையடி இரட்டையடி என்னும் இரண்டினின்றே இந்நாற்பதிற் பெரும்பாலன விரிகின்றன.

இவ்வடிகள் குறித்து நம் மாணவருள் இரு கட்சியினர் உளர். ஒரு கட்சியினர், “பாட்டைக் கேட்டு வாசித்தலே போதும், ஏட்டுப் பயிற்சி உணர்ச்சியைக் கொல்லும்” என்பர். அவர்கள் காட்டும் சான்று வலியது. ஜேம்ஸ் பிரௌன் குழுவில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு, தம் ஊராகிய சட்டநூகாவின் ஆலை ஓசையையும் புகைவண்டி ஓசையையும் கேட்டுத் தாமே கற்றவர். 1970-இல் வெளிவந்த ‘ஃபங்கி டிரம்மர்’ என்னும் இசைத்தட்டில் அவர் தனித்து வாசித்த சில நொடிகளைப் பிற்காலத்தார் எண்ணற்ற பாடல்களில் எடுத்தாண்டனர். இவற்றை யான் மறுக்கவில்லை. ஆயின் அவ்வாசிப்பைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். ஓங்கிய அடிகளுக்கிடையே, செவிக்கு எட்டியும் எட்டாமலும் அவர் இடக்கை இடும் மெல்லடிகள்தாம் எத்தனை! ஓங்கலும் மெல்லலும் ஒரே கையில் ஒன்றோடொன்று கலவாது நிற்றலைத்தான் ரூடிமென்ட் கற்பிக்கின்றது. அதனை அவர் ஆலையினிடத்துக் கற்றார். ஆலை பகல் முழுதும் ஒரே காலத்தில் ஓடுவது. அவர்க்கு ஊரே மெட்ரோனோமாய் அமைந்தது. நம் அரைமணிக்கு அத்தகைய ஆசிரியன் இல்லை.

மற்றைக் கட்சியினர் 40 அடிகளையும் மனப்பாடம் செய்து, நிமிடத்திற்கு இத்தனை எனக் கணக்குக் காட்டுவர். இவர்கள் உழைப்பைப் பாராட்டுகின்றேன். எனினும் ரூடிமென்ட் என்பது இரு கைகளின் இலக்கணம். கால்கள் அதில் இல்லை. அவ்விலக்கணம் தொகுதியின்மேல் ஏறும்போதுதான் அதற்கு உயிர் வருகின்றது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம்: இதுவே பாரடிடில். ரப்பர் பலகையில் வாசித்தால் எட்டு அடிகள் ஒரே நிரையாய்க் கேட்கும். இனி வலக்கையை ஹை-ஹாட்டிற்கும் இடக்கையை ஸ்நேருக்கும் கொண்டுசெல்க. இடக்கை இரண்டாவது, ஐந்தாவது, ஏழாவது, எட்டாவது அடிகளாய் வீழும். அவற்றுள் ஐந்தாவதை மட்டும் ஓங்குக. ஏனைய மூன்றையும் தோலே அறியாதவாறு தொடுக. முதலடியில் பாஸ் டிரம்மை மிதிக்க. நான்கு அடிகளை ஓர் எண்ணாகக் கொண்டால் ஐந்தாவது அடி இரண்டாம் எண்ணின் தலையில் வீழும். கேட்போர் கைதட்டும் இடமும் அதுவே. வறண்ட பாடமென இகழப்பட்டது, வரிசையில் ஓர் அடியும் மாறாமல், பாட்டைத் தாங்கும் நடையாய்விட்டது! இங்ஙனம் மீண்டும் மீண்டும் வந்து பாட்டைச் சுமக்கும் தாளநடையையே க்ரூவ் என்பர்.

கைகால் இணக்கம் இன்னும் கடினமானது. 1948-இல் ஜிம் சேப்பின் வெளியிட்ட பயிற்சி நூலில், வலக்கை சிம்பலில் ஒரே நடையை விடாது வாசிக்க, இடக்கால் இரண்டாம் நான்காம் எண்களில் ஹை-ஹாட்டை மூட, இடக்கை மட்டும் பாடத்திற்குப் பாடம் வேறு அடிகளை இடல் வேண்டும். ஒன்று மாற ஏனைய பிறழாது நிற்றலே அதன் நோக்கம். உடம்பு இதற்கு எளிதில் இசையாது. இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இரு சுட்டுவிரல்களையும் நீட்டி, மோட்டார் வண்டிக் கண்ணாடியின் துடைப்பான்கள்போல் இரண்டும் ஒரே பக்கமாய்ச் சாயும்படி அசையுங்கள். சிறிது சிறிதாக விரைவு கூட்டுங்கள். ஓர் எல்லையில், நீங்கள் வேண்டாமலே, இரண்டும் ஒருங்கே உள்நோக்கியும் ஒருங்கே வெளிநோக்கியும் அசையத் தொடங்கும். அமெரிக்காவில் ஆராய்ந்த ஸ்காட் கெல்சோ என்பார் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் இம்மாற்றத்தை அளந்து காட்டினார். விரைவு மிகுந்தால் இருகைகளும் தம் தனிமையை இழந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பது இதனால் விளங்கும். தனித்தியங்கக் கற்க வேண்டியவர் விரைவில் தொடங்குதல், நீந்தக் கற்பவர் வெள்ளத்தில் தொடங்குதலை ஒக்கும்.

அரைமணிக்கு ஏற்ற பயிற்சி ஒன்று கூறுகின்றேன். ஹை-ஹாட்டில் நான்கு எண்களுக்கு எட்டு அடிகள். ஸ்நேர் இரண்டாம் நான்காம் எண்களில். இவ்விரண்டும் மாறா. பாஸ் டிரம் அடி ஒன்றே ஒன்று. அதனை முதலில் எட்டனுள் முதலிடத்தில் வைக்க, பின் இரண்டாமிடத்தில், இங்ஙனம் எட்டாமிடம் வரை நகர்த்துக. இடத்திற்கு மூன்று நிமிடமாக 24 நிமிடம் ஆகும். மெட்ரோனோம் நிமிடத்திற்கு 60. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் கால் எண்ணிற்கும் எண்ணிற்கும் நடுவே வீழும். அங்கே வலக்கை காலுக்கு இரங்கித் தானும் ஓங்கி அடிக்கும். அவ்விரக்கத்தை அடக்குதலே அன்றைய பாடம்.

இது சலிப்பூட்டும் என்பீர்கள். ஆம், ஊட்டும். ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935-இல் வெளியிட்ட ‘ஸ்டிக் கண்ட்ரோல்’ என்னும் நூலில் ஒவ்வொரு பயிற்சியையும் இடையறாது 20 முறை வாசிக்க விதிக்கின்றார். பன்னிரண்டாம் முறையில் மனம் விடுதிச் சோற்றை நினைக்கும். எனினும் இரு குச்சிகளும் ஒரே உயரத்தினின்று வீழ்கின்றனவா என்பது அதற்குப் பின்னரே செவிக்குப் புலனாகத் தொடங்குகின்றது. ஸ்டோனிடம் பயின்ற ஜோ மொரெல்லோ, 1959-இல் வெளிவந்த ‘டேக் ஃபைவ்’ என்னும் இசையில் வாசித்திருப்பதைக் கேளுங்கள். பியானோ ஐந்தெண் நடையை விடாது சுமக்க, அவர் அதன்மேல் இடம்விட்டு இடம்விட்டு வாசிக்கின்றார். விரைவதற்கு அவர்க்குக் கை இல்லாமற் போகவில்லை, காத்திருக்கவும் கற்றிருந்தார்.

விதிக்கு விலக்கும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ், ஸ்நேரை அடிக்கும் வேளையில் ஹை-ஹாட்டினின்று வலக்கையை எடுத்துவிடுவார். பாடநூற் கண்ணுக்கு இது வழு. கேட்பார் செவிக்கு அதுவே அவர் முத்திரை. ஆயின் அதனையும் அவர் மாறாது செய்தார் என்பதை மறவற்க. டெஃப் லெப்பர்டு குழுவின் ரிக் ஆலன் வரலாறோ வேறு. 1984 டிசம்பர் 31-ஆம் நாள் நேர்ந்த மோட்டார் விபத்தில் இடக்கையை இழந்தார். இடக்கை செய்த வேலையை இடக்காலுக்கு மிதிகட்டைகள் வாயிலாகக் கற்பித்து, 1986-இல் பெருங்கூட்டத்தின்முன் மீண்டும் வாசித்தார். நால்வருள் ஒருவர் நீங்க, எஞ்சிய மூவர் அவர் வேலையைப் பகிர்ந்துகொண்டனர். விரைவுப் போட்டிகளைப் பார்ப்பதினும் அவ்வரலாற்றைப் படித்தல் நமக்குப் பயனுடைத்து.

தாளத்தை இயந்திரமே பிழையறக் காட்டும் இக்காலத்தில் இவ்வுழைப்பு எதற்கு எனச் சிலர் வினவுவர். பாடுவார் மூச்சு வாங்கும் இடத்தை இயந்திரம் செவிமடாது. நிலை கற்றவரே, வேண்டுமிடத்து ஒரு மயிரிழை தாழ்ந்து இடங்கொடுக்கவும் வல்லவர்.

தமிழ் மாணவனாகிய எனக்கு இதிற் கவலை உண்டு. நம் பாடகர் குழுவினர் பாடும்போது டிரம்ஸ் வாசிப்பவர் முந்தினால் மிடறுகள் அனைத்தும் முந்தும். முந்தவே நெடில் குறுகும், ‘வாழி’ என்பது ‘வழி’யாகும், ‘பாடு’ என்பது ‘படு’வாகும். ஒற்றுக்களோ சிம்பலோசையிற் புதைந்துபோம். பாட்டெழுதினார் பட்ட பாடு முழுதும் ஒரு குச்சியின் அவசரத்தால் அழியும். நம் ஆண்டுவிழாப் போட்டியில் டிரம்ஸ் வாசிப்போர்க்குத் தனிவாசிப்பு ஒன்றற்கே பரிசு வைத்திருப்பதும் இவ்வவசரத்தை வளர்க்கின்றது. பாடுவார் ஒருவர்க்குப் பக்கமிருந்து, அவர் சொல் சிதையாமல் வாசித்தலுக்கும் ஒரு பரிசு வைத்தல் வேண்டும். அதற்கு நடுவராக ஒரு தமிழாசிரியரும் அமரட்டும்.

மெட்ரோனோம் கைப்பேசியிலேயே கிடைக்கும் இந்நாளில் விடுதிக்கு வேண்டுவன நான்கு ரப்பர் பலகைகள் மட்டுமே. அவற்றின் ஓசை அடுத்த அறையார் துயிலைக் கெடுக்காது. கையடிகளை அங்கே முடித்துக்கொண்டால், இசையறையின் அரைமணி முழுதும் கைகால் இணக்கத்திற்குக் கிடைக்கும். அதில் முதல் 24 நிமிடம் மெட்ரோனோமுக்கு உரியதென அறைக்கதவில் ஓர் அட்டை தொங்கட்டும். எஞ்சிய ஆறு நிமிடத்தில் அவரவர் விருப்பம்போற் சிம்பலை முழக்கிக்கொள்க. யான் காரிகையை மூடிவைத்துக் காத்திருப்பேன்.