சைலன்ட் வேலிக்கு பஸ் வேண்டாம்

வருகிற டிசம்பர் விடுமுறையில் நாக்பூரிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் கோயம்புத்தூர் வரை போய், அங்கே ஒரு சொகுசு பஸ் அமர்த்திக்கொண்டு, சங்கக் குடும்பங்கள் ஐம்பது பேராக சைலன்ட் வேலி தேசியப் பூங்காவைப் பார்த்து வரலாம் என்று ஒரு யோசனை அன்பர்களிடையே பேசப்பட்டு வருகிறது. நல்ல எண்ணத்தில் எழுந்த யோசனைதான். ஆனாலும் அதை நான் எதிர்க்கிறேன். அந்தக் காட்டுக்கு யாருமே போகக்கூடாது என்பதல்ல என் கட்சி. நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தனியாக, ஒரே ஒரு நாள் போய் வருவதானால் டிக்கெட் செலவில் பாதியை நானே தருவேன். நம் வீடுகளில் வழக்கம் இதற்கு நேர்மாறு. கும்பலாகப் போனால் பத்திரம். தனியாகப் போனால் பைத்தியம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீலகிரி மலையின் தென்மேற்கு மூலையில், பாலக்காடு ஜில்லாவில் இருக்கிறது இந்த மழைக்காடு. நடுப்பகுதியின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். 2007ல் அதைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பு வளையமாகச் சேர்க்கப்பட்டது. குந்திப்புழை என்ற ஆறு வடக்கிலிருந்து தெற்காக இதற்குள் ஓடுகிறது. பார்வையாளர் போய்ச் சேரும் இடத்துக்கு சைரந்திரி என்று பெயர். விராட தேசத்தில் திரௌபதி மறைந்து வாழ்ந்தபோது வைத்துக்கொண்ட பெயர் அது. சில்வண்டுச் சத்தம் கேட்காததால் வெள்ளைக்காரர் ‘சைலன்ட்’ என்று பெயரிட்டார் என்பார்கள். சிங்கவால் குரங்கின் விஞ்ஞானப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

பஸ் யோசனைக்கு முதல் தடை அங்குள்ள விதிமுறையே. மண்ணார்க்காட்டிலிருந்து போனாலும், கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாகப் போனாலும் முக்காலி என்ற இடத்தோடு நம் வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் சைரந்திரி வரை உள்ள 23 கிலோமீட்டருக்கு வனத்துறை அனுமதித்த வண்டியில்தான் போகவேண்டும். கூடவே வழிகாட்டி ஒருவர் கட்டாயம். காலையில்தான் உள்ளே விடுவார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். ஐம்பது பேர் என்றால் பத்து ஜீப். ஒன்றன் பின் ஒன்றாக, முன்வண்டியின் புழுதியைப் பின்வண்டி தின்றுகொண்டு போக வேண்டியதுதான். புளியோதரைப் பொட்டலம், அந்தாக்ஷரி, குழந்தைகளின் விசில், “எங்கே சார் புலி?” என்ற கேள்வி, இதெல்லாம் நம்மை விட்டுப் போகாது. நம் சங்கப் பிக்னிக் எனக்குப் பிடித்தமான விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் அது எங்கே நடந்தாலும் ஒரே பிக்னிக்தான். இடம் மாறுமே தவிர, நாம் பார்ப்பது ஒருவர் முகத்தை ஒருவர்தான்.

பிலாயில் இருக்கும் என் தங்கையின் பெண் புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். இந்த வருஷம் ஜனவரியில் அவள் தனியாக சைலன்ட் வேலிக்குப் போகப் புறப்பட்டபோது என் தங்கை எனக்கு போன் செய்தாள். “அண்ணே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. பொட்டப்பிள்ளை, தனியாக் காட்டுக்குப் போறேங்கறா.” நான் எடுத்துச் சொன்னேன், ஆனால் தங்கையிடம். இதில் எதைக் கண்டு பயப்படவேண்டும் என்று நிதானமாக யோசித்தாலே பாதிப் பயம் போய்விடும். டோக்கன் முறை உள்ள ஒற்றை ரயில் பாதையில் டோக்கன் இல்லாமல் வண்டியை விடமாட்டோம். ஒரு வண்டி போய்ச் சேராமல் அடுத்தது புறப்படாது. அந்தக் காட்டின் ஏற்பாடும் ஏறக்குறைய அப்படித்தான். வாசலில் பெயர் பதிவு, தெரிந்த டிரைவர், கூடவே வழிகாட்டி, திரும்ப வேண்டிய நேரம் என்று எல்லாமே கணக்கில் இருக்கிறது. புனேயில் இரவு ஷிப்ட் முடிந்து அவள் அறைக்குத் திரும்பும் வழியில் இதில் எந்த ஏற்பாடும் இல்லை. அதற்கு நாம் யாரும் போன் செய்வதில்லை. கவனிக்க வேண்டியது காட்டுக்கு வெளியே உள்ள பிரயாணத்தைத்தான். பகல் பஸ்ஸில் போகவேண்டும், தங்கும் இடத்தை முன்னதாகவே முடிவு செய்துவிட வேண்டும், உள்ளே பல இடங்களில் செல்போன் எடுக்காது என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கோயம்புத்தூரில் சித்தி வீட்டில் தங்கி, விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி முக்காலி போய்ச் சேர்ந்திருக்கிறாள். அங்கேதான் தனியாகப் போகிறவருக்கு உள்ள உண்மையான கஷ்டம். ஜீப்பை எடுத்தால் ஒருவர் போனாலும் ஐவர் போனாலும் வாடகை ஒன்றுதான். கூட்டுச் சேர யாராவது வருகிறார்களா என்று காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். இவள் காத்திருந்து, வயதான மலையாளத் தம்பதி ஒன்றோடு சேர்ந்து போயிருக்கிறாள். இந்த விஷயத்தில் வனத்துறையார் யோசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ரயிலில் பெட்டி முழுவதையும் எடுத்தால்தான் ஏறலாம் என்று நாம் சொல்வதில்லை; பெர்த் பெர்த்தாகத்தான் விற்கிறோம். காலையில் இரண்டு ஜீப்பை ஆசனக் கணக்கில் விட்டால், தனியாக வரும் மாணவனும் சம்பளக்காரப் பெண்ணும் கவலையில்லாமல் போய் வருவார்கள். ஜீப்புகளின் எண்ணிக்கை கூட வேண்டியதில்லை, கூடவும் கூடாது.

திரும்பி வந்ததும் அவளிடம் கேட்டேன். “யானை இல்லை, புலி இல்லை மாமா. ஒரு கருமந்திக் கூட்டமும் மலையணிலும் பார்த்தேன். ஆனா ஒரு இடத்துல வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி எஞ்சினை அணைக்கச் சொன்னார். யாரோ பெரிய விசிறியை வேக வேகமா வீசற மாதிரி தலைக்கு மேலே ஒரு சத்தம். இருவாச்சின்னு சொன்னார். இலைக்கு மேலே போயிடுச்சு, கண்ணுல படலை” என்றாள். இருவாச்சி சிறகடித்துப் பறக்கும் சத்தத்தை நீராவி எஞ்சின் சத்தத்துக்கு ஒப்பிடுவது பறவை பார்ப்பவர்களின் வழக்கம். எனக்கு அதைவிட நல்ல உவமை தெரியாது. அவள் சொன்னதில் நான் கவனித்தது வேறொன்று. எஞ்சினை அணைத்தது ஒரே ஒரு ஜீப். பின்னால் ஒன்பது ஜீப் உறுமிக்கொண்டு நின்றிருந்தால் அந்தச் சிறகு கேட்டிருக்குமா?

ரயில் பாதைப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பெரிய அதிகாரிகள் சலூன் வண்டியில், பின்பக்க ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். கீமேன் தினமும் தன் பங்குக்கு உள்ள ஐந்தாறு கிலோமீட்டரைச் சுத்தியலும் ஸ்பானருமாகத் தனியாக நடப்பான். தளர்ந்த சாவி, விரிசல் விட்ட தண்டவாளம், ஜல்லிக்கு அடியில் அரித்துக்கொண்டு போகும் தண்ணீர் இவையெல்லாம் முதலில் அவனுக்குத்தான் தெரியும். அவன் கூர்மையானவன் என்பதால் மட்டும் அல்ல. அவனோடு பேச யாரும் இல்லை, அதனால்தான்.

காட்டோடு ரயில்வேக்காரனுக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. பாதை போட்ட நாளிலிருந்து எத்தனையோ காடுகளை ஸ்லீப்பர் கட்டைகளாக்கிப் படுக்க வைத்தவர்கள் நாங்கள். 1864ல் வெள்ளைக்காரர் இந்தியாவில் வனத்துறை ஏற்படுத்தியதற்கே ஸ்லீப்பருக்கு மரம் தீர்ந்துபோகுமோ என்ற கவலை ஒரு முக்கியக் காரணம். கான்கிரீட் ஸ்லீப்பர் வந்த பிறகுதான் அந்தப் பசி அடங்கியது. சைலன்ட் வேலியிலும் 1927 முதல் 1976 வரை சில பகுதிகளில் மரம் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு வந்த பெரிய ஆபத்து வெட்டுக்கத்தியால் அல்ல, அணையால்.

சைரந்திரியில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி, முதல் கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973ல் திட்டக் கமிஷன் சம்மதம் கொடுத்தது. மூழ்கப் போவது 830 ஹெக்டேர். அணை கேட்டவர்களை வில்லன்களாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. மலபார் பகுதிக்கு அன்று மின்சாரமும் தேவை, வேலையும் தேவை. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காடுதானே போகிறது என்று அவர்கள் கேட்டார்கள். எஞ்சினியர் என்ற முறையில் இதற்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். பாலத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மீதி ஒன்பது இருக்கிறதே என்று வண்டியை விடமுடியுமா? மூழ்கும் பங்கு ஆற்றங்கரை, பள்ளத்தாக்கின் அடிப்பகுதி. சிங்கவால் குரங்கு பெரும்பாலும் மரத்தின் மேலேயே வாழ்கிறது; வெடிப்பலா போன்ற மரங்களின் பழத்தையும் பூவையும் நம்பியிருக்கிறது. கிளைக்குக் கிளை தொடர்பு அறுந்தால் அதற்குப் பாதை அறுந்த மாதிரி. அந்த 120 மெகாவாட்டுக்கு இன்றைய அளவு ஒன்று சொல்கிறேன். இப்போது சரக்கு வண்டி இழுக்கும் 12,000 குதிரைசக்தி மின்சார எஞ்சின் ஒன்றின் திறன் சுமார் 9 மெகாவாட். பதின்மூன்று எஞ்சின்கள் முழு சக்தியில் ஓடும் மின்சாரம், அவ்வளவுதான்.

எதிர்த்தவர்களின் கதைதான் இந்த யோசனைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், 2020ல் மறைந்த கவிஞர் சுகதகுமாரி, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பின் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் ஊர் ஊராகப் பேசினார்கள். பரிஷத் 1979ல் வெளியிட்ட ஆய்வறிக்கையைத் தயாரித்தவர்களில் தாவரவியலார், பொருளாதார நிபுணர் ஆகியோரோடு எஞ்சினியர்களும் இருந்தார்கள் என்பது எனக்குப் பெருமை. எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான கமிட்டியின் அறிக்கைக்குப் பின் 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வெளியாயிற்று. இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 1985 செப்டம்பர் 7ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். இதற்காகக் கையெழுத்துப் போட்டவர்கள், கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் காட்டில் கால் வைத்ததே இல்லை. அப்போது சைரந்திரிக்கு யார் ஜீப் விட்டார்கள்? பார்த்தால்தான் அக்கறை வரும், ஆகையால் எல்லாரையும் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டவேண்டும் என்று சில அன்பர்கள் சொல்வதை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழர்களான நமக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சொந்த விஷயமும் இருக்கிறது. குந்திப்புழை தூதப்புழையோடு சேர்ந்து பாரதப்புழைக்குப் போய் மேற்கே கடலில் கலக்கிறது. ஆனால் நீலகிரியில் பிறந்து இந்தக் காட்டின் கிழக்குப் பக்கமாக இறங்கி முக்காலியைத் தொட்டு, அட்டப்பாடி வழியாகத் திரும்பவும் தமிழ்நாட்டுக்கு வருவது பவானி. பில்லூர், பவானிசாகர், பிறகு கூடுதுறையில் காவேரி. ஈரோட்டுப் பக்கத்துக்காரர் யாராவது முக்காலிப் பாலத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால், தன் ஊர் வாய்க்கால் தண்ணீர் காட்டை விட்டு வெளியே வருவதைப் பார்ப்பார். பத்து ஜீப் அவசரத்தில் அந்த ஒரு நிமிஷத்தை யார் கொடுப்பார்கள்?

தனியாகப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. மழை மாதங்களில் அட்டை கடிக்கும். டிசம்பர், ஜனவரி சௌகரியமான காலம். சில சமயம் பூங்காவை மூடிவிடுவார்கள், முன்னதாக விசாரித்துக்கொள்ளவும். சைரந்திரியில் சுமார் நூறடி உயரக் காவல் கோபுரம் இருக்கிறது. தலை சுற்றாதவர்கள் ஏறலாம். ஆற்றுப் பக்கம் இறங்க அன்றைக்கு அனுமதி உண்டா என்பதை வழிகாட்டி சொல்வார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வழிகாட்டிகள் பலர் அட்டப்பாடிப் பக்கத்து ஆதிவாசிகள். நம் தமிழ் அவர்களுக்குப் புரியும். மிருகத்தைக் காட்டச் சொல்லி நச்சரிக்காமல், மரத்தின் பெயரைக் கேளுங்கள்.

பஸ்ஸும் அந்தாக்ஷரியும் வீண் போக வேண்டாம். பாலக்காடு ஜங்ஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் மலம்புழை இருக்கிறது. 1955ல் கட்டிய அணை, பூந்தோட்டம், கானாயி குஞ்ஞிராமன் செய்த பிரம்மாண்டமான யக்ஷி சிலை, அந்தரத்தில் போகும் ரோப்வே என்று ஐம்பது பேர் ஒரு பகல் முழுவதும் சத்தம் போட இடம் இருக்கிறது. யாருக்கும் தொந்தரவில்லை. செயலாளர் அதற்குப் பெயர் சேர்க்கத் தொடங்கினால் என் பெயரையும் என் மனைவி பெயரையும் முதல் வரியில் எழுதிக்கொள்ளட்டும். புளியோதரை எங்கள் பொறுப்பு.